ரயில் வராத நேரம்

என் மகனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. உயரத்தில் என்னை மிஞ்சிவிட்டான். அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் ஜோகூர் பாருவில் ஒரு கடையில் பழைய சாமானாக நான் வாங்கிக்கொடுத்த கேம் பெட்டி இன்றைக்கும் அவன் கையில்தான் இருக்கிறது. புத்தகம் மாதிரி மடியும். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. மடிப்பில் விரிசல் விட்டதால் தொழிற்சாலையில் அட்டைப் பெட்டிகளுக்கு ஒட்டும் டேப்பைக் கத்தரித்துச் சுற்றி வைத்திருக்கிறேன். அந்த டேப் ஒருமுறை கிழிந்தபோது வேறு நிறத்தில் ஒன்றை ஒட்டினேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அவனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆகவே வீட்டில் பேசும் வேலை முழுவதும் என் மனைவியின் தலையில் விழுந்தது. அவள் அதைக் குறையில்லாமல் செய்துவருகிறாள்.

மாசாயில் ஒரு தரை வீட்டில் குடியிருக்கிறோம். பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மகன் பள்ளியில் சிறப்பு வகுப்பை முடித்த பிறகு அவனுக்குப் போக ஓர் இடம் இல்லை. முன்வாசல் கிரில்லிலிருந்து பின்பக்கச் சமையலறை வரை நடப்பான், திரும்பி நடப்பான். அவன் வீட்டில் இருந்ததால் என் மனைவியும் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் வயது வந்த பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையம் ஒன்றில் இடம் கிடைத்தது. துண்டு மடிக்க, செடி நட, சோப்புக்கு உறை போடச் சொல்லிக்கொடுப்பார்கள். காலையில் வேன் வந்து அழைத்துப்போகும். அரை மணி நேரப் பயணம். முதலில் என் மனைவியின் தம்பி காரில் கூட்டிப்போனபோது, நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். சமர்த்தாக உட்கார்ந்து துண்டுகளை ஓரம் பிசகாமல் மடித்தான். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் டீச்சருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் வேன் அவனுக்குப் பிடிக்கவில்லை.

தீபாவளி முடிந்த வாரம் முதல் பயணம். வீட்டிலிருந்து புறப்பட்ட வேன் பெரிய சாலையைத் தொடுவதற்குள் அவன் இருக்கையைவிட்டு எழுந்து கண்ணாடியில் தலையை மோத ஆரம்பித்துவிட்டான். மற்ற பிள்ளைகளும் பயந்து கத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அவரும் தமிழர்தான், என்னைவிடக் கொஞ்சம் இளையவர்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. எனக்கு ரெண்டு கையும் ஸ்டேரிங்கில இருக்கணும். இவனப் பிடிக்க மூணாவது கை இல்லலா."

மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாள் அவன் வேனில் ஏறவே இல்லை. டீச்சர் தொலைபேசியில் அழைத்தார். நான் பேசத் தயங்கி மனைவியிடம் கொடுத்தேன்.

"அக்கா, பையன் நல்ல பையன். இங்க வந்துட்டா பிரச்னையே இல்ல. வேன்தான். மத்த பிள்ளைங்களோட பாதுகாப்பையும் நான் பாக்கணும்ல. சீனப் பெருநாள் லீவு முடியட்டும், மறுபடியும் ஒரு தடவ பார்ப்போம். அப்பவும் முடியலன்னா இடத்த வேற குடும்பத்துக்குத்தான் கொடுக்கணும்."

நானே கொண்டுபோய் விடலாம்தான். ஆனால் என் வேலை விடியும்போதே தொடங்கிவிடும். என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். என்னைவிடக் கனமான பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் தினமும் போவது நடக்காத காரியம்.

அவனை அமைதிப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. ரயில். முன்பு நாங்கள் லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் அவனை ரயில்வே கேட்டுக்கு அழைத்துப்போவேன். ரயில் போகும்வரை அசையாமல் நிற்பான். போனபிறகும் நிற்பான். மாசாய்க்கு வந்த பிறகு அது விட்டுப்போயிற்று. பிறகு இரட்டைத் தண்டவாளம் போடுகிறார்கள், அந்தக் கேட்டை மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, மைத்துனரின் காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். என் மனைவியின் போனைக் கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தூணின் மேல் சாய்த்துவைத்து முழுவதையும் படம் எடுத்தேன். இப்போது அந்தக் கேட்டு இல்லை.

"அந்த ரயிலு வீடியோவ வேன்ல காட்டலாமுல்ல" என்றாள் மனைவி.

முதலில் வீட்டிலேயே போனில் காட்டிப் பார்த்தோம். அவன் எதையும் அழுத்திப் பிடிப்பவன். கண்ணாடியில் கட்டைவிரல் பட்டதும் படம் எங்கோ தாவியது. எடுத்துச் சரிசெய்து கொடுத்தோம். பாதியில் என் மைத்துனர் அழைத்தார். ரயில் இருந்த இடத்தில் மைத்துனரின் சிரித்த முகம் வந்தது. போன் பறந்து போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

"உன் தம்பிக்கு நேரங்காலமே தெரியாது" என்றேன்.

"அவன் எப்பவும் அப்படித்தான், நம்ம கல்யாணத்துக்கே சாப்பாடு முடிஞ்சுதான் வந்தான்" என்று சொல்லிக்கொண்டே அவள் போனைப் பொறுக்கினாள். திரையின் மூலையில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அவன் தன் அறைக்குப் போய்க் கேம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டான். வருடக்கணக்காக ஒரே விளையாட்டு, ஒரே இடம். அந்தப் பெட்டிக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். அதில் விளம்பரம் வராது. அவன் எவ்வளவு அழுத்தினாலும் பொத்தான் செய்வதைத்தான் செய்யும். ரயில் அந்தப் பெட்டிக்குள் வரவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனம், தான் விற்கும் விளையாட்டுகள் மட்டுமே அதில் ஓடவேண்டும் என்றுதான் செய்திருக்கிறது. ஆனால் தாங்களே எழுதிய நிரல்களை அதில் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள் என்று இணையத்தில் பார்த்தேன். மெமரி கார்டு செருகும்படியான ஓர் அட்டை விற்கிறார்கள். விளையாட்டு அட்டையின் இடத்தில் அதைச் செருகினால் நம்முடைய நிரலைப் பெட்டி ஓட்டும். வீடியோ காட்டும் நிரல்களையும் சிலர் எழுதி இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் என் மகனுக்கு ஆகாது. திறந்ததும் ஒரு பட்டியல் வரும். அதில் தேடித் தொடவேண்டும். படம் முடிந்தால் மறுபடியும் பட்டியல். தெரியாமல் ஏதாவது பொத்தானை அழுத்தினால் ஒலி குறையும், வெளிச்சம் மாறும்.

எனக்கு வேண்டியது இதுதான்: மூடியைத் திறந்தால் ரயில் படம் ஓடவேண்டும். மூடினால் நிற்கவேண்டும். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடவேண்டும். இடது பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகலாம். வேறு எந்தப் பொத்தானும் எதுவும் செய்யக்கூடாது. அப்படி ஒன்று இல்லாததால் நானே எழுதுவது என்று முடிவுசெய்தேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வார்ப்பு இயந்திரத்தின் பலகையில் இருக்கும் ஆங்கிலம்தான். ஸ்டார்ட், ஸ்டாப், டெம்பரேச்சர், எரர். இதில் கடைசிச் சொல்லைத்தான் அடுத்த சில மாதங்கள் அதிகம் பார்த்தேன். ஆனால் இயந்திரத்தோடு பழகிய ஆளுக்கு ஒரு பழக்கம் இருக்கும். எரர் வந்தால் கோபம் வராது. கடைசியாக எதை மாற்றினோம் என்று பார்ப்போம். அதைத் திருப்பிவைப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோம்.

மைத்துனரின் மகள் புதியது வாங்கியதும் விட்டுப்போன லேப்டாப் ஒன்று இருந்தது. மகனின் பெட்டியில் கைவைக்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் அதே மாதிரி இன்னொரு பெட்டியைத் தேடி வாங்கினேன். யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த சின்ன மாதிரி நிரல் ஒன்றிலிருந்து தொடங்கினேன். அது திரையில் ஒரே ஒரு படத்தைக் காட்டும். அதன் ஒவ்வொரு வரியையும் போனின் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தேன். மொழிபெயர்ப்பு பாதி நேரம் உளறும். அப்போது அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். என்ன காணாமல் போகிறதோ, அதுதான் அந்த வரியின் வேலை.

வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வருவேன். குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மனைவி இரவுச் சமையலுக்குக் காய்கறி நறுக்க மேசையைக் கேட்கும்வரை என் நேரம்.

"அந்தப் பக்கம் தள்ளுங்க, வெங்காயம் உங்க கம்ப்யூட்டர்ல விழப்போவுது."

"கொஞ்சம் இரு."

"இரு இருன்னு சொல்லிச் சொல்லியே பொழுது போயிரும் உங்களுக்கு."

முதன்முதலாகப் படம் அசைந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தன. கேட்டின் சிவப்புப் பட்டைகள் எல்லாம் நீலமாகத் தெரிந்தன.

"இது எந்த ஊருக் கேட்டுங்க? நீலமா, நம்ம ஊரு போலீஸ் ஸ்டேஷன் கேட்டு மாதிரியில்ல இருக்கு!"

அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்தது. நிறத்தைச் சரிசெய்ய அன்றைய பொழுது போயிற்று. ஒலியைச் சேர்க்க இன்னும் பல வாரங்கள் ஆயின. அந்தப் பெட்டிக்குள் இரண்டு மூளைகள் இருக்கின்றன. ஒன்று படத்தைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று ஒலியை. இரண்டும் தானாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. ஒன்று எங்கே இருக்கிறது என்று மற்றதற்கு நாம்தான் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் வீட்டு ஏற்பாடும் அப்படித்தான் என்பதால் அது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியின் நினைவகம் மிகச் சிறியது. இன்றைய போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தை அப்படியே வைக்கவே திணறும். அதனால் ஒவ்வொரு படத்தையும் முழுதாக வைக்காமல், முந்தைய படத்திலிருந்து என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் வைக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். அப்படியும் கொஞ்ச நேர வீடியோதான் பிடித்தது. ஆகவே வெட்டினேன். கேட்டு வீடியோ அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ரயில் வருவது கடைசியில்தான். மற்றதெல்லாம் வெறும் தண்டவாளம். பக்கத்தில் புல், தூரத்தில் செம்பனை மரங்கள். நடுநடுவே அவனிடம் நான் பேசும் குரல். என் குரலை எனக்குப் பிடிக்காது. மூக்கடைத்தது போல இருக்கும். அதை முதலில் வெட்டினேன். ரயில் வளைவில் தலைகாட்டுவதிலிருந்து கடைசிப் பெட்டி மறைவது வரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அது நன்றாக ஓடியது. ரயில் சத்தமும் ரயிலும் ஒன்றாக வந்தன. அன்று மாலை மகன் குளிக்கும்போது அவன் பெட்டியில் என் அட்டையைச் செருகி அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவன் வந்து மூடியைத் திறந்தான். ரயில் வந்தது. அவன் உடம்பு நிமிர்ந்தது. நானும் மனைவியும் கதவோரம் நின்றோம். ரயில் போய்விட்டது. படம் முதலிலிருந்து மறுபடியும் ஓடியது. அவன் இடது பொத்தானை அழுத்தினான். படம் ஆரம்பத்துக்குப் போயிற்று. மறுபடியும் இடது. மறுபடியும். பின்னால் போக ஒன்றும் இல்லாததால் படம் அங்கேயே நின்று நின்று ஓடியது. அவன் பொத்தானை இன்னும் பலமாக அழுத்தினான். தொண்டையில் ஒரு முனகல் எழுந்தது. பிறகு பெட்டியை மூடித் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்தப் பெட்டியை அவன் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. தூங்கும்போதுகூட அது தலையணைக்கு அடியில் இருக்கும். அவசரமாக என் அட்டையை எடுத்துவிட்டுப் பழைய விளையாட்டைச் செருகினேன். இரண்டு நாள் அவன் அதைத் தொடவில்லை. தரையில் இருந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தான். வேனில் உட்காரவைக்கப் போய், அவனுக்கு இருந்த ஒன்றையும் பறித்துவிட்டேனோ என்று எனக்கு வேலையில்கூடக் கவனம் இல்லை. மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டான். ஆனால் திறக்குமுன் என்னை ஒருமுறை பார்த்தான். அவன் சாதாரணமாக யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

பொத்தானில்தான் கோளாறு என்று நினைத்து அந்தப் பகுதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொத்தான்ல ஒண்ணுமில்லங்க. அவன் எதையோ தேடுனான். முன்னாடி இருக்குறத."

"முன்னாடி ஒண்ணுமே இல்ல. வெறும் தண்டவாளம்."

"உங்களுக்கு வெறும் தண்டவாளம். அவனுக்கு அதுதான் ரயிலு. எத்தன ஞாயித்துக்கெழம நின்னுருப்பீங்க அங்க? ரயிலு எவ்வளவு நேரம் வருது? கண்ண மூடித் தொறந்தா போயிருது. மத்த நேரம் எல்லாம் நீங்க என்னா செஞ்சீங்க?"

"நின்னோம்."

"நின்னுக்கிட்டு என்னா சொன்னீங்க அவன்கிட்ட?"

பதில் எனக்குத் தெரியும். 'வரும், இரு' என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லத் தெரியாததால் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பில் இருந்த நகலை நான் வெட்டி, மிச்சத்தை அழித்துவிட்டேன். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டு இல்லை. மறுபடி போய் எடுக்க முடியாது.

"என் போன்ல இருக்கு முழுசா" என்றாள் அவள், கத்தியை வைக்காமலே. "இடமில்ல இடமில்லன்னு அது தெனமும் கத்துது. நான் அழிக்கல. உங்க குரல நீங்கதான் அழிப்பீங்க, நான் ஏன் அழிக்கணும்?"

ஆக, முழு வீடியோவும் ஓடவேண்டும். ஆனால் என் நிரல் படம் முழுவதையும் முதலில் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் ஓட்டும். பெரிய வீடியோவைக் கொடுத்தால் திரை கறுப்பாகி நின்றுவிடும். இணையத்தில் இந்த மாதிரி நிரல் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் இடத்தில் கேட்டேன். முகம் தெரியாத இடத்தில் எனக்குக் கூச்சம் குறைவு. ஒருவர், இந்தக் காலத்தில் ஏன் போனில் பார்க்கக்கூடாது என்று கேட்டார். இன்னொருவர் ஒரே வரியில் சொன்னார்: முழுவதையும் ஏற்றாதே, ஓட ஓடப் படித்துக்கொள். எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் வேலையில் என் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் தலையில் கூம்பு வடிவத்தில் ஹாப்பர் இருக்கும். பிளாஸ்டிக் மணிகளை அதில் கொட்டுவோம். கீழே இயந்திரம் உருக்கி வார்த்துக்கொண்டே இருக்கும். ஹாப்பரில் பாதி குறைந்ததும் மேலே இருக்கும் குழாய் மூட்டையிலிருந்து மணிகளை உறிஞ்சி நிரப்பிவிடும். மூட்டை எவ்வளவு பெரிதானாலும் ஹாப்பர் சின்னதுதான். மூட்டை முழுவதையும் ஹாப்பரில் கொட்ட நினைக்கும் மடையன் தொழிற்சாலையில் ஒருவனும் இல்லை. ஆனால் வீட்டில் நான் மாதக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நினைவகத்தில் ஓர் இடத்தை ஹாப்பராக வைத்தேன். பாதி காலியானதும் மெமரி கார்டிலிருந்து அடுத்த பங்கைப் படித்து நிரப்பச் சொன்னேன். முதல் நாள் ஓடவில்லை. அந்த வாரம் முழுவதும் ஓடவில்லை. பிறகு ஓடியது, ஆனால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒலி திக்கியது. என் குரல் 'வ-ரு-ரு-ம்' என்று வந்தது. மகன் தூரத்திலிருந்தே காதைப் பொத்திக்கொண்டான். படம் கொஞ்சம் தடுமாறினால் கண் மன்னிக்கிறது, ஒலி தடுமாறினால் காது மன்னிப்பதில்லை. அதனால் எப்போதும் ஒலிக்கு முதலில் நிரப்பு, நேரம் மிச்சமிருந்தால் படத்துக்கு நிரப்பு, இல்லையென்றால் ஒரு படத்தைத் தாண்டிப் போ என்று எழுதினேன். திக்கல் நின்றது.

பின்னால் போவதிலும் ஒரு சிக்கல். மாற்றத்தை மட்டும் வைத்தால் பின்னால் போனதும் எதிலிருந்து மாறியது என்று பெட்டிக்குத் தெரியாது. திரையில் பாதிப் புல்லும் பாதி வானமும் கலந்து குழம்பும். அங்கங்கே ஒரு முழுப் படத்தை வைத்தேன். இடது பொத்தானை அழுத்தினால் முந்தைய முழுப் படத்துக்குப் போய் நிற்கும்படி செய்தேன்.

கடைசியாக முழு வீடியோவையும் மாற்றி மெமரி கார்டில் போட்டபோது, அது எவ்வளவு பெரிதாக இருக்குமோ என்று பயந்தேன். இருந்ததில் பெரும்பங்கு ரயில் வரும் அந்தக் கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்பிருந்த நீண்ட காத்திருப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. போன் தூணில் அசையாமல் இருந்தது, தண்டவாளம் அசையவில்லை, புல் மட்டும் எப்போதாவது அசைந்தது. எதுவும் மாறவில்லையென்றால் வைக்க ஒன்றும் இல்லை. பாரம் என்று நான் வெட்டியது எடையே இல்லாமல் இருந்திருக்கிறது.

பெருநாள் விடுமுறையின் கடைசி நாளில் அட்டையை அவன் பெட்டியில் மறுபடி செருகினேன். அவன் வெகுநேரம் அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு டேப்பைத் தடவிக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே என் காதில் விழுந்தது, மூக்கடைத்த என் குரல்.

"இரு தம்பி. வரும்."

பிறகு வெகுநேரம் பூச்சிகளின் சத்தம் மட்டும். மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. மறுபடியும் என் குரல் வந்தது. அதன் பின்னாலேயே, ஏறக்குறைய அதோடு சேர்ந்து, இன்னொரு குரல். தடித்த, பழக்கமில்லாத குரல்.

"வரும்."

ரயில் போகும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை நான் விடுப்பு எடுத்தேன். வேனில் பெற்றோர் ஏறக்கூடாது என்பது நிலையத்தின் விதி. டீச்சர் அதில் கண்டிப்பு. ஆகவே மோட்டார் சைக்கிளில் வேனுக்குப் பின்னால் போனேன். மகன் பின்வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வேனில் குளிர்சாதனம் வேலை செய்யாததால் எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. என் கண் அவன் பின்தலையிலேயே இருந்தது. போன தடவை அவன் எழுந்த இடம் வந்தது. பெட்ரோல் நிலையத்தைத் தாண்டிய திருப்பம். தலை அசைந்தது. அவன் குனிந்து பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அவ்வளவுதான்.

பெரிய சாலையின் சிவப்பு விளக்கில் வேன் நின்றது. மெதுவாக ஓட்டிப்போய் ஓட்டுநரின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைச் சுற்றித் தொழிற்சாலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் நாலைந்து நின்றன. வேனுக்குள்ளிருந்து என் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

"இரு தம்பி. வரும்."

"வரும்!" என்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை உற்சாகமாகக் கத்தினாள். பக்கத்தில் இருந்தவனும் சேர்ந்துகொண்டான். "வரும்! வரும்!"

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே! என்னாண்ணே படம் இது? நானும் கண்ணாடியில பாத்துக்கிட்டே வர்றேன், வெறும் தண்டவாளமா இருக்கு. ஒண்ணுமே வரல. சாமான் பழுதாலா?"

சுற்றி நின்ற மோட்டார்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹெல்மெட்டுக்குள் என் முகம் சூடேறியது. வாழ்நாளில் சாலையில் நான் சத்தம்போட்டுப் பேசியதில்லை. ஆனால் லாரி ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றதால் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"பழுதில்ல! வரும், இருங்க!"

"அலமாக், அப்பனும் அதையே சொல்றாருலா!" என்று அவர் சிரித்தார். விளக்கு பச்சையானது.

அன்றைக்குச் சாலையில் நெரிசல் இல்லை. விடுமுறை முடிந்து எல்லாரும் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அதனால் வேன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிலையத்தை அடைந்துவிட்டது. டீச்சர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார். என் மகன் மட்டும் இறங்கவில்லை. குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன். பேசவேண்டியது நான்தான். கைபேசியைக் கொடுத்துவிட மனைவி பக்கத்தில் இல்லை.

"டீச்சர், இன்னும் ரயிலு வரல. அது வந்து போனதும் எறங்கிருவான். கொஞ்சம் நிக்கலாமா?"

"எவ்வளவு நேரம் அண்ணே?"

"கொஞ்ச நேரம்தான். கடைசி எடத்துல இருக்கு."

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேனுக்குள் பார்த்தார். ஓட்டுநரிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து பூச்சிகளின் சத்தம் கேட்டது. முன்வரிசையில் கத்திய பெண் பிள்ளை திரும்பி வந்து படிக்கட்டில் நின்றுகொண்டாள். தூரத்தில் ரயில் ஊதியது. கேட்டின் மணி அடித்தது. தண்டவாளம் அதிர்ந்து, பெட்டி பெட்டியாக ரயில் போயிற்று.

கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடியை மூடினான். டேப் சுற்றிய மடிப்பு 'டக்' என்றது. எழுந்து, தலை இடிக்காமல் குனிந்து, டீச்சரைக் கடந்து, துண்டுகள் வைத்திருக்கும் அறைக்கு நேராக நடந்தான்.

"அப்ப நாளைக்கு ஏழரைக்கு வந்துருவேன்" என்றார் ஓட்டுநர் என்னிடம். "நாளைக்காச்சும் ரயில கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க அண்ணே."